அரை மணி நேர ரீஸ்டார்ட்

“இன்னும் சுத்திக்கிட்டேதான் சார் இருக்கு. நான் குளிச்சு, துணி துவைச்சுக் காயப்போட்டுட்டே வந்துட்டேன். இது கண்ணையே திறக்கலை!”

சொல்லிவிட்டு அவன் மனைவி கலகலவென்று சிரித்தாள். போனின் அந்தப் பக்கம் இன்ஜினியர். அவருக்குத்தான் அவள் வீட்டிலிருந்தபடியே கட்டட பிளான் வரைந்து கொடுக்கிறாள்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினான். லேப்டாப் மக்கர் பண்ணுவதில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது? தன்னிடம் கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தாள்?

“லேப்டாப் ஸ்லோன்னா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? கண்டவனுக்கும் போன் போடணுமா?”

“கண்டவர் இல்லைங்க, வேலை கொடுக்கிறவர். பிளான் அனுப்ப லேட்டாகும்னு சொல்ல வேண்டாமா?”

“சொல்லு. சிரிக்காம சொல்லு.”

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டாள்.

அன்று சாயங்காலம் அவனே லேப்டாப்புக்கு வைத்தியம் பார்க்க உட்கார்ந்தான். பழைய போட்டோக்களை அழித்தான். அப்டேட் போட்டான். காற்றாடியில் படிந்திருந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தான். மறுநாள் அது இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாகவே சுற்றியது.

“விடுங்க. இன்ஜினியர் சார் ஒரு ஆளை அனுப்புறேன்னார்.”

“அவன் ஆள் என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது!”

இன்ஜினியர் ஆளை அனுப்பவில்லை.

சனிக்கிழமை அவனுக்கு விடுமுறை. பத்து மணிக்கு அவள் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் பிளானை அதன் நிர்வாகிகளுக்கு வீடியோவில் விளக்க வேண்டும். ஆறு வார உழைப்பு. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லேப்டாப் அப்படியே உறைந்துபோனது. ரீஸ்டார்ட் கொடுத்தாள். சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பத்தரைக்குத் திரை விழித்தபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை.

இன்ஜினியரின் போன் வந்தது. பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டது.

“அவங்க வேற ஆளைப் பாத்துக்கிறாங்களாம்மா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்.”

“சரிங்க சார்.”

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. ‘அப்பாடா, ஒழிஞ்சது’ என்று அவனுக்குள் ஒரு குஷி எட்டிப் பார்த்தது. அப்போதுதான் அவளைப் பார்த்தான். விரித்து வைத்திருந்த தாள்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, பீரோவுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். அழக்கூட இல்லை. எட்டிப் பார்த்த குஷி வந்த வழியே போய்விட்டது.

“கொடு. கடையில காட்டிட்டு வரேன்.”

சார்ஜரையும் சேர்த்துக் கொடுத்தாள்.

ரிப்பேர் கடையில் ஒரு பெண்தான் எல்லாம். காதில் சொருகிய ஸ்க்ரூ டிரைவருடன் லேப்டாப்பை ஆன் செய்து, வேறு ஒரு வேலையை முடித்துவிட்டு வந்து திரையைத் திருப்பிக் காட்டினாள்.

“ஹார்ட் டிஸ்க் போச்சா?” என்று கேட்டான்.

“மெஷின் கல்லு மாதிரி இருக்கு சார். இது ஆன் ஆகும்போதே கூடவே எழுந்து உக்காருதே, இந்த புரோகிராம்தான் வில்லன். டைப் பண்ற ஒவ்வொரு எழுத்தையும் எடுக்குது. நிமிஷத்துக்கு ஒரு தடவை திரையைப் படம் பிடிச்சு யாருக்கோ அனுப்புது. பாவம், அதுக்கே நேரம் சரியா இருக்கு. அப்புறம் எங்க வேலை செய்யும்?”

“வைரஸா?”

“இல்லை சார். உளவு பாக்க யாரோ கையால உக்காந்து போட்டது.”

அந்த யாரோ அவன்தான்.

நான்கு மாதத்துக்கு முன், அவள் குளிக்கப் போயிருந்த பத்து நிமிடத்தில் போட்டது. அதிலிருந்து அவள் எழுதியதெல்லாம் அவன் போனுக்கு வந்தது. தூண் ஒன்பது அங்குலம், மாடிப்படி இடிக்கிறது, ஜன்னலைத் தள்ளி வைக்கலாமா சார். இதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. அதுவும் அவனைத் தூங்க விடவில்லை. எவ்வளவு சாமர்த்தியமாக மறைக்கிறாள் என்று இன்னும் உன்னிப்பாகப் படித்தான்.

பீரோவுக்குப் பின்னால் போன அந்தச் சுருள்கள் கண்ணில் வந்து நின்றன. ஆறு வாரத்தை விழுங்கியது லேப்டாப் இல்லை.

“யார் போட்டதுன்னு தெரியலைன்னா...” என்று கடைக்காரப் பெண் ஆரம்பித்தாள்.

“நான்தான் போட்டேன். எடுத்துடுங்க.”

அவள் ஆச்சரியப்படவில்லை. விசையைத் தட்டினாள். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. ரீஸ்டார்ட் கொடுத்தாள். அவன் மூச்சை இழுத்து விடுவதற்குள் திரை பளிச்சென்று விழித்தது.

“ஒரு உதவிம்மா...” அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “இது அவளுக்குத் தெரிய வேண்டாம்.”

கடைக்காரப் பெண் லேப்டாப்பை மூடி அவன் பக்கம் நகர்த்தினாள்.

“அவங்க மூணு மாசத்துக்கு முன்னாடியே இதைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க சார். எல்லாத்தையும் காட்டி, எடுத்துடவான்னு கேட்டேன். ‘வேண்டாம்மா. நான் எடுத்தா எதையோ மறைக்கிறேன்னு ஆயிடும். அவர் கையால எடுத்தாத்தான் இது போகும்’னாங்க.”