காய்ச்சல் இல்லாத கட்டில்

மத்தியான வெயில் ஆஸ்பத்திரித் திரைச்சீலை வழியாக மஞ்சளாய்க் கசிந்து, இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் கிடக்கிறது. ஒரே கிருமி, ஒரே நாளில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் பிடித்திருக்கிறது. தையல்காரியான பெண்டாட்டி காய்ச்சலில் நெருப்பாய்க் கொதிக்கிறாள். மாமியார் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போடுகிறாள். பக்கத்துக் கட்டிலில் பஸ் டிரைவரான புருஷன் சம்மணம் போட்டு ஆரஞ்சு உரிக்கிறான். “பாத்தியாம்மா, எனக்கு ஒரு தும்மல்கூட இல்ல. உன் மருமகதான் சும்மா சீன் போடறா.” “உனக்கு நீயே கண்ணு வைக்காதடா” என்று மாமியார் சிரிக்கிறாள். அவனும் சிரிக்கிறான். ஆனால் இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் அவன் பேச்சு நின்று நின்று வருவது தையல்காரிக்கு மட்டும் கேட்கிறது. சுளையைப் பிடித்திருக்கும் விரல்களின் நகங்களில் நாவற்பழ நிறம். “ஏங்க, கையக் குடுங்க.” நீட்டுகிறான். கிணற்றுக்குள் கிடந்த கல்லைப்போலச் சில்லென்றிருக்கிறது.

டாக்டரம்மா வருகிறாள். “முதல்ல அவரப் பாருங்க” என்கிறாள் தையல்காரி. “அவனுக்கென்ன, கல்லாட்டம் இருக்கான். இவதான் கொதிக்கிறா” என்கிறாள் மாமியார். “கொதிக்கிறது அவங்க உடம்பு கிருமியோட சண்டை போடறதாலம்மா. பொம்பளை ஹார்மோன் அநேகமா அந்தச் சண்டைய உசுப்பிவிடும். ஆம்பளை ஹார்மோன் அமுக்கிவைக்கும். சத்தம் இல்லேன்னா கிருமி போயிடுச்சுன்னு அர்த்தமில்ல.” சொல்லிக்கொண்டே டாக்டரம்மா அவன் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டுகிறாள். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்கவேண்டிய எண், எழுபத்தெட்டில் நிற்கிறது. “இந்தக் கட்டில உடனே ஐசியுவுக்குத் தள்ளுங்க.”

“எனக்கா?” என்று அவன் சிரிக்கிறான். சக்கரங்கள் உருள்கின்றன. கதவு மூடிய பிறகும் அந்தச் சிரிப்பு கேட்கிறது, மூச்சே இல்லாமல்.