குரலுக்கு ஓய்வு

ஜெரூஷா பேச்சை நிறுத்தி அது மூன்றாம் நாளா, நான்காம் நாளா என்பதில் கதை சொல்லும் எனக்கே சந்தேகம் உண்டு. அன்று காலை அவள் கணவன் அசரியா ஸ்டூல் மேல் ஏறி, அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றினான் என்பது மட்டும் நிச்சயம்.

மிக்ஸி ஏற்கெனவே அலமாரிக்குள் போயிருந்தது. அதன் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி அவள் ஏதாவது சொல்லிவிடக் கூடாது. டிவி ரிமோட் அவன் சட்டைப் பையில் இருந்தது.

சிட்லபாக்கத்தில் அவர்கள் இருந்தது மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் ஜெயவேலு வாசலில் நின்று டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தூசி தொண்டைக்கு ஆகாதே என்று அசரியா இறங்கிப் போய், ஞாயிறு வரை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டான்.

"இன்னாப்பா, வூட்ல யாருக்காச்சும் முடியலியா? உன் சம்சாரம் கொரலே கேக்கல. சண்டையா?"

டிவி பாட்டுப் போட்டி, ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கத்தில் ஆடிஷன், அதுவரை குரலுக்கு ஓய்வு என்று அவன் விளக்கினான். முப்பத்தைந்து வயது வரைதான் எடுப்பார்கள், அவளுக்கு அடுத்த மாதம் முப்பத்தாறு பிறக்கிறது, இதை விட்டால் இனி இல்லை என்றும் சொன்னான்.

ஜெயவேலு மெஷினை அணைத்தார். "எட்டு வருசமா குடி கீற. உன் வாயிலேர்ந்து இம்மாம் பேச்சு வந்து இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றார்.

போன ஞாயிறு தொடங்கியது இது. மறைமலை நகர் தொழிற்சாலையில் ஓவர்டைம் முடித்து அசரியா சாயங்காலம் வீடு திரும்பியபோது, சர்ச்சுக்குக் கட்டும் பட்டுப்புடவையோடு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்டும் பதில் இல்லை. பெரிய பாடகர்கள் மேடை ஏறுவதற்குச் சில நாள் முன்பே பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று எங்கோ கேட்டது அவனுக்கு நினைவு வந்தது.

"குரலுக்கு ரெஸ்ட்டா? ஆடிஷன் அடுத்த ஞாயிறுதானே?" என்று கேட்டான்.

அவள் சற்று நேரம் அவனையே பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

அன்றிலிருந்து சமையல் அவன் கைக்கு வந்தது. அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட் என்பதால் காலை முழுக்க வீட்டில்தான் இருந்தான். மிளகுப் பால் காய்ச்சினான். அவள் பையில் கசங்கிக் கிடந்த போட்டி எண் தாளை எடுத்து, பைபிளுக்கு அடியில் வைத்து நிமிர்த்தினான். அதன் நான்கு மூலையிலும் ஊக்கு குத்திய ஓட்டைகள் இருந்தன. கண்ணாடி முன்னால் நின்று குத்திப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டில் யாராவது ஒருவர் பேசித்தானே ஆக வேண்டும். ரசத்துக்கு உப்புப் போதுமா என்று ஆரம்பித்தான். அதற்கடுத்த நாள் தொழிற்சாலைப் பேச்சு வந்தது. பிரஸ் ஷாப்பில் நாள் முழுக்க இரும்பை இடிக்கிற சத்தம், அங்கே எல்லாருக்கும் கைஜாடைதான், வீட்டுப் படியேறும்போது சொல்ல ஒரு வார்த்தை மிஞ்சுவதில்லை என்று சொன்னான். பக்கத்து மெஷின்காரருக்கு இரண்டு விரல் போன கதையைச் சொன்னான். அவளைச் சர்ச் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவதில்லை, கொயரில் அவள் பாடி முடிக்கும் வரை பைக்கிலேயே உட்கார்ந்து கேட்பான் என்பதையும் சொன்னான். வெங்காயம் உரித்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை லீவு போட்டான். மதியம் சாப்பிட்ட தட்டுகளைக்கூட எடுக்காமல் இருவரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமான வருஷம் இதே போல ஒரு போட்டிக்கு அவளுக்கு அழைப்பு வந்தது. வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்தவன் அவன். ஏன் என்று அவள் கேட்டதற்கு இதுவரை பதில் சொன்னதில்லை.

"நீ ஜெயிச்சிட்டா என்கூட எதுக்கு இருக்கப் போறேன்னு பயம், ஜெரூ. வேற ஒண்ணும் இல்ல."

அவள் கண்கள் நிறைந்தன. அழாதே, தொண்டை கட்டிக்கொள்ளும் என்று அவன் பதறினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே வெந்நீர் வைத்துக் கொடுத்தான். ஒரு வரி மட்டும் மெல்லப் பாடிப் பார் என்று கெஞ்சினான். இத்தனை நாள் அடைத்து வைத்த குரல் அங்கே போய் நிற்கும்போது எழும்பாவிட்டால் என்ன செய்வது? பழி அவன் மேல்தான். இரண்டாம் முறையும் அவன்தான் கெடுத்தவனாவான். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

அவன் கீழே வந்து பைக்கைக் கிளப்பினான். அவள் படியிறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். ஏறவில்லை.

"ஏறு ஜெரூ. கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடணும். பயப்படாத, நான் வெளியதான் நிப்பேன்."

அவள் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். வண்டி அணைந்தது. அவள் வாயைத் திறந்தபோது முதலில் காற்றுதான் வந்தது. ஒரு தரம் செருமிக்கொண்டாள்.

"ஆடிஷன் போன ஞாயித்துக்கிழமையே முடிஞ்சிடுச்சுங்க. மொத ரவுண்டுலயே அனுப்பிட்டாங்க. நான் வாயத் தெறந்தா நீங்க மூடிக்குவீங்கன்னுதான் சொல்லல."