மறியலுக்கு இருபது மதிப்பெண்

"பெரியவங்க போராடினா கேஸ், பிள்ளைங்க போராடினா மார்க். இதுல என்னம்மா குழப்பம்?" என்று மகளைப் பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியை கேட்டது கோமளவல்லிக்கு நன்றாக நினைவிருந்தது.

"எதுக்குப் போராடினாலும் ஒரே மார்க்குங்களா டீச்சர்?"

"அதெப்படி? உலகப் பிரச்சினைக்கு இருபது, உள்ளூர்ப் பிரச்சினைக்கு அஞ்சு."

மகள் நறுமுகை பனிக்கரடிக்காக மறியல் செய்து இருபதும் வாங்கினாள். இந்தப் பருவத்துக்குத் திமிங்கிலம்.

கோமளவல்லி ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவள். காலையிலிருந்து நின்றபடியே வேலை. சற்றே உட்கார்ந்தாலும் கூரையிலிருக்கும் கேமரா பெயர் சொல்லி எழுப்பிவிடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பெற்றவள் அங்கே அவள் ஒருத்திதான். தாங்களே கேட்டால் கேஸ் என்பதால், மற்ற பெண்கள் அவள் முகத்தையே பார்த்திருந்தார்கள். மகளின் மதிப்பெண் குறைந்துவிடுமே என்று அவள்தான் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்காமல் தள்ளிப்போட்டு வந்தாள்.

அன்றிரவு வீட்டில் நறுமுகை பதாகையில் திமிங்கிலம் வரைந்துகொண்டிருந்தாள். "முகம் இன்னும் சோகமா இருக்கணுமாம்மா?"

வீங்கிய பாதத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த கோமளவல்லி நிமிர்ந்தாள். "போதும், என்னைவிட சோகமா இருக்கு."

நறுமுகை சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"கண்ணு, அஞ்சு மார்க்குதான் வரும். எங்களுக்கெல்லாம் ஒரு ஸ்டூல் கேட்டு, எங்க கடை வாசல்ல மறியல் பண்றியாடி?"