சண்டைக்காரர்களிடம் சாவி

“ஜன்னலுக்குப் பச்சைத் திரைதான் போடணும்!”

“ஐயே, கண்ணைக் குத்தும்! நீலம்தான்!” என்று நர்ஸும் விடவில்லை.

பல் செட் செய்கிறவனும் அவளும் போட்ட கூச்சலில் கிளினிக்கே அதிர்ந்தது. திரை வாங்கச் சொன்னதாகப் பல் டாக்டருக்கு ஞாபகமில்லை. இருந்தாலும் அவர்கள் சண்டை அவருக்குச் சங்கீதம்.

மத்தியானம் சாப்பிட வந்தவர் மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

“என் கிரிப்டோ கணக்குக்கு இருபத்துநாலு வார்த்தைதான் சாவி. அது யார் கைக்குப் போனாலும் மொத்தத்தையும் வழிச்சுட்டுப் போயிடலாம். அதான் பாதியை நர்ஸ்கிட்டயும் மீதியைப் பல் செட்காரன்கிட்டயும் கவர்ல ஒட்டிக் கொடுத்திருக்கேன்.”

“கட்டின பொண்டாட்டி நான் எதுக்கு இருக்கேன்?”

“உனக்குத் தெரிஞ்சா உன் தம்பிக்குத் தெரிஞ்சிடும். அதுங்க ரெண்டும் எலியும் பூனையும். ஜென்மத்துக்கும் ஒண்ணு சேராது. எப்படி என் மூளை?”

மனைவி மோரை ஊற்றினாள்.

அடுத்த வாரம் எலியும் பூனையும் ஒரே நாளில் லீவு போட்டார்கள். பிறகு வரவேயில்லை. பதறிப்போய் டாக்டர் கணக்கைத் திறந்தார். பல் பிடுங்கிய ஈறு மாதிரி காலியாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, யாரோ அனுப்பிய கல்யாணப் படம் ஒன்று தெருவில் எல்லார் போனையும் சுற்றிவிட்டு டாக்டர் வீட்டுக்கும் வந்தது. கடல் தாண்டிக் குடியேறிய புது வீட்டில் மாலையும் கழுத்துமாக நர்ஸும் பல் செட்காரனும்! அவர்களுக்குப் பின்னால் ஜன்னல். அதில் நீலத் திரை.

மனைவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“பரவாயில்லை, அந்த வீட்டுலயாவது பொண்டாட்டி பேச்சு எடுபடுது.”