ஐந்து லிட்டருக்கு மேல்

பகலிலேயே விளக்கை எரியவிட்டபடி ஒரு ஜீப் மேகத்துக்குள்ளிருந்து வெளிப்பட்டு, கொடைக்கானல் ஏறும் சாலையின் சோதனைச்சாவடியில் நிற்கிறது. காவலுக்கு நிற்கும் ஆக்ஸிலியா பின்பக்கத் தார்ப்பாயைத் தூக்குகிறாள். வெள்ளைக் கேன்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. மூடியோரம் கசிந்து, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை மூக்கில் ஏறுகிறது. “என்னங்க இது?” “பெயிண்ட் கழுவுறது மேடம். வடகவுஞ்சில ஒரு காட்டேஜுக்கு. வெரசா விடுங்க.” சாவடிச் சுவரில், ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்கிற பெரிய பலகை. போதைப்பொருள் காய்ச்ச உதவும் ரசாயனங்களுக்கு அனுமதிச் சீட்டு கேட்கச் சொல்லும் சுற்றறிக்கை அதன் பின்னால் செருகப்பட்டு, ஈரத்தில் சுருண்டு கிடக்கிறது. ஆக்ஸிலியா ஒரு கேனைத் தட்டிப் பார்க்கிறாள். “இது பெரிய கேன், பரவால்ல. இந்தத் தண்ணி பாட்டில்தான் ஆகாது.” ஓட்டுநரின் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்கிறாள். தடுப்புக் கம்பம் உயர்கிறது. ஜீப்பை மேகம் விழுங்குகிறது.

நெற்றி முடியை ஒதுக்கக் கையைத் தூக்கியவள் அப்படியே நிற்கிறாள். விரலில் ஒட்டியிருக்கும் இந்த வாடைதான் தம்பி டிக்சனின் சட்டையிலும் அடிக்கிறது. வடகவுஞ்சியில் பெயிண்ட் வேலை என்று போய்வருகிறவன், சில நாட்களாகத் தூக்கமே இல்லாமல் வீட்டுச் சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறான். அவள் சாலை வளைவைப் பார்க்கிறாள். ஜீப்பின் சத்தம்கூட இல்லை. பின்னால் ஹார்ன் அலறுகிறது. பாட்டிலை நெஞ்சோடு பிடித்தபடி அடுத்த வண்டியின் கண்ணாடியைத் தட்டுகிறாள். “தண்ணி பாட்டில் இருக்குங்களா?”