தலைமாட்டுக் கத்தி

உச்சிவெயிலில், வாய்க்கால் கரை வேம்பில் கட்டிய மயிலைப்பசு கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததில் கயிறு குறுகி, கரைமண்ணும் சரிந்து, அதன் முன்னங்கால்கள் அந்தரத்தில் உதைக்கின்றன. வறண்ட வாய்க்காலுக்குள் நின்று உடையப்பன் அதன் நெஞ்சைத் தோளில் தாங்கியிருக்கிறான். தோளை எடுத்தால் கயிறு இறுக்கிவிடும். ஒரு கை கழுத்து முடிச்சை நிமிண்டிப் பார்க்கிறது. அது கல்லாய் இறுகிக் கிடக்கிறது. அதே கை இடுப்புக்குப் போகிறது. தோலுறை காலி. நாகல் நகர்ப் பட்டறையில் பழைய லாரி வில்பட்டையை அடித்துச் செய்து வாங்கிய சாண் நீளக் கத்தி. இளநீர் சீவவும் முள் எடுக்கவும் கயிறு அறுக்கவும் எந்நேரமும் அங்கேதான் இருக்கும். பிறந்து ஒன்பது நாளான பிள்ளையைக் காத்துக்கருப்பு அண்டாமலிருக்க, இப்போது அதன் தலைமாட்டில் இருக்கிறது. முந்திய இரண்டு பிள்ளைகளும் பத்தாம் நாளைப் பார்க்கவில்லை.

“பொன்னழகு! கத்திய எடுத்துக்கிட்டு ஓடியா!”

சோளக்கொல்லைக்கு அப்பால், வீட்டுவாசலில் மனைவி வந்து நிற்கிறாள்.

“பிள்ள தலைமாட்டுல இருக்குறதையா? யாரு கேட்டாலும் எடுக்காதன்னு நீங்கதான சொன்னீக?”

பசுவின் எச்சில் அவன் முதுகில் வெதுவெதுப்பாக வழிகிறது. பிதுங்கிய விழி ஒன்று அவன் முகத்துக்கு நேரே உருள்கிறது.

“என்னங்க, எடுத்தாரவா?”

பதில் சொல்ல வாயைத் திறக்கிறான். வீட்டுக்குள் பிள்ளை வீறிட்டு அழுகிறது. திறந்த வாயைக் கொண்டுபோய்க் கயிற்று முடிச்சைக் கடிக்கிறான்.