ஒரு பெயருக்கு இருபத்து நான்கு இடம்

மருதம்மாளின் உடலிலிருந்து நூற்றிருபத்தொன்பது கோடி மில்லிலிட்டர் நீரை எடுக்க வேண்டும் என்று திரை காட்டியது.

நல்ல வேளை, அது சோதனை ஓட்டம். இயந்திரத்தில் ஓடியது வெறும் குழாய்த் தண்ணீர். மருதம்மாள் கோலா கெத்திலில் தன் வீட்டில் இருந்தார்.

ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரங்கள் எட்டும் மாலை ஐந்து மணிக்கு அங்குள்ள நிலையத்துக்கு லாரி ஏற வேண்டும். அவற்றின் நிரலை சி மொழியில் எழுதியவள் குணசுந்தரி. சுங்கைப் பட்டாணித் தொழிற்சாலையில் சேர்ந்து ஆறு மாதம்.

நாலு மணிக்குத் தவறு பிடிபட்டது.

ஒவ்வொரு நோயாளிக்கும் நினைவகத்தைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கினால் தாமதமாகும். அதனால் இயந்திரம் இயங்கத் தொடங்கியதுமே ஒரே பெரிய துண்டாக வாங்கி, சம அறைகளாக வெட்டி வைத்திருந்தாள். நோயாளி வந்தால் ஓர் அறை. போனால் அது அடுத்தவருக்கு. அறையின் தொடக்கத்தில் எடுக்க வேண்டிய நீரின் அளவு. அதன் பின் பெயர். பெயருக்கு இருபத்து நான்கு எழுத்து.

நிலையத்தின் பட்டியலிலிருந்து கடைசியாகப் பதிந்த பெயர் முருகையா. இன்னாரின் மகன் என்பதைக் குறிக்கும் ‘ஏ/எல்’ போட்டு அப்பா மாணிக்கவாசகத்தையும் சேர்த்தால், ஆங்கிலத்தில் இடைவெளியோடு இருபத்தெட்டு. மிஞ்சிய நான்கும் பக்கத்து அறைக்குள் விழுந்து மருதம்மாளின் அளவை அழித்துவிட்டன.

எல்லாம் ஒரே துண்டு. அதனால் சோதனைக் கருவிகளுக்கும் எல்லை மீறியது தெரியவில்லை.

இருபத்து நான்கை அறுபத்து நான்காக்கினாள். நீளத்தைச் சரிபார்க்க ஒரு வரி சேர்த்தாள். திரையில் மருதம்மாளின் சரியான அளவு, இரண்டாயிரம் மில்லிலிட்டர், வந்தது.

மருத்துவக் கருவி என்பதால் தவறுக்கான காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் மேலாளர் மனோகரன் லாரியை விட மாட்டார்.

“இருபத்து நாலுனு யாரு பேர வச்சும்மா கணக்குப் போட்ட? நம்ம ஆளுங்க பேரு ஏ/எல், ஏ/பின்னு தண்டவாளத்துல போற கெரெத்தாப்பி மாதிரி நீளமால்ல போவும்!”

“என் ஐ.சி.ய வச்சுதான்ணே.”

“பொய் சொல்லாத லா. எடு, பாப்போம்.”

அடையாள அட்டையை எடுத்து அவர் முன் வைத்தாள்.

குணசுந்தரி. ஆங்கிலத்தில் பதினோரு எழுத்து. அதன் பின், இன்னாரின் மகள் என்று சொல்லும் ஏ/பி இல்லை. எவர் பெயரும் இல்லை.

அந்தப் பதினொன்றை இரட்டித்து, மேலும் இரண்டு சேர்த்து, தாராளமாகத்தான் விட்டிருந்தாள்.